துரையின் ரத்தமும் லயத்து நாய்களும்

நீலக் கண்

இலங்கையில், புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் ஜீப் போய் நின்றபோது, தோட்ட நிர்வாகியான பெரிய துரை துவக்கோடு பங்களா வாசலில் நின்றிருந்தார். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்ட காலம். துரை சிங்களவர், தொழிலாளரோடு தோட்டத் தமிழில்தான் பேசுவார். அவருடைய அல்சேஷன் நாய் சீசருக்குத் திடீரென்று இரண்டு கண்களும் நீலமாகிவிட்டன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்களிடமிருந்துதான் தொற்றியது, எல்லாவற்றையும் சுடப்போகிறேன் என்றார்.

நான் கால்நடை ஆய்வுகூடத்தில் உதவியாளன். நாய்களைத் தாக்கும் அடினோ வைரஸை எங்கள் டாக்டர் விஜேரத்ன ஆராய்ந்துகொண்டிருந்தார். அது ஈரலைக் கெடுக்கும் நோய். குட்டிகள் சீக்கிரம் செத்துப்போகும். பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கருவிழியில் நீர் கோத்து நீலப் படலம் விழும். அந்தக் காலத்துத் தடுப்பூசியில் வலுக்குறைத்த உயிர் வைரஸ் இருந்ததால், ஊசி போட்ட சில நாய்களுக்கும் இப்படி வரும். பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது.

துரையின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மாரிமுத்து கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். முன்பு அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு நீலக் கண். அவர்தான் சீசராகத் தோட்டத்தைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறார் என்று லயத்தில் பேச்சாம். கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் வேலியோரம் நின்று சீசருக்குச் சலாம் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

“தோட்டத்துக்குத் தொரை நான். சலாம் போறது நாய்க்கு,” என்று துரை பிறகு டாக்டரிடமே முறையிட்டார்.

சீசருக்கு அண்மையில் ஊசி போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன் கொழும்பில் போட்டதாகத் துரை ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஊசியால்கூட இருக்கலாம், லயத்து நாய்களின் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பொறுங்கள் என்றார் டாக்டர். துரை அரைமனதோடு சம்மதித்தார்.

ஓ குரூப்

லயத்துக்குப் போனால் ஒரு நாயையும் காணோம். ராமாயி என்ற கொழுந்துக்காரி வாசலில் நின்று, இந்த லயத்தில் நாயே கிடையாது என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு நாய்கள் குரைத்தன.

நானும் கஹவத்தைப் பக்கத்தில் லயத்தில் பிறந்தவன்தான். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

“ரத்தத்தப் பாத்து, இதுங்கமேல குத்தம்னு வந்துட்டா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

பார்க்காவிட்டாலும் துரை சுடத்தான் போகிறார் என்றேன். அவள் உள்ளே போய் நாய்களை அவிழ்த்து வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் நாயை மூங்கில் கூடையிலிருந்து எடுத்தார்.

தோட்டத்து டிஸ்பென்சரி வராந்தாவில் சாமான்களைப் பரப்பினோம். பரிசோதனை இதுதான்: மனிதரின் ஓ குரூப் சிவப்பணுக்களோடு அந்த வைரஸைச் சேர்த்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாயின் ரத்தநீரில் நோயெதிர்ப்பு இருந்தால் ஒட்டாது. தட்டில் உள்ள குழியின் அடியில் அமைதியாகச் சிவப்புப் பொட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். வழக்கமாக ரத்தம் தருபவர் எங்கள் ஜீப் டிரைவர். அவர் கல்யாண வீட்டுக்கு லீவில் போயிருந்தார்; அன்று டாக்டரே ஜீப்பை ஓட்டி வந்திருந்தார். அவருக்கும் எனக்கும் ஓ குரூப் இல்லை.

தோட்டத்தில் யாருக்கு ஓ குரூப் என்று டிஸ்பென்சரிக்காரரிடம் விசாரித்தோம். நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஆளைத்தானாம். கேகாலை ஆஸ்பத்திரிக்கு ரத்ததானம் செய்யும் துரை.

“நாய்ச் சோதனைக்கு என் ரத்தமா?” என்றார் துரை.

வேறு வழியில்லை என்று டாக்டர் பணிவாகச் சொன்னார். துரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சட்டைக் கையை மடித்தார். நாய்களைப் பிடித்தபடி லயமே முற்றத்தில் நின்று பார்த்தது. துரையின் கையில் ஊசி ஏறியபோது ஒரு நாயும் குரைக்கவில்லை.

முடிவு

ஏறக்குறைய எல்லாக் குழியிலும் சிவப்புப் பொட்டு விழுந்தது. லயத்து நாய்கள் எப்போதோ இந்த நோய் வந்து பிழைத்தவை. டாக்டர் அதை உள்ளபடியே சொன்னார்: சீசருக்கு இவற்றிடமிருந்து வந்ததா என்று இந்தப் பரிசோதனை சொல்லாது, ஊசி போட்ட நாளைக் கணக்குப் பார்த்தால் ஊசியின்மேல்தான் சந்தேகம், சுட்டால் நோயை வென்ற நாய்களைத்தான் சுடுவீர்கள். ‘நோய் வந்தவை’ என்பதை மட்டும் துரை பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்ததும் சுடுவது என்று சொல்லிவிட்டார்.

நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராமாயி வந்தாள். துரையின் ரத்தத்தையும் அவர்களுடைய நாய் ரத்தத்தையும் ஒரே குழியில்தானே ஊற்றினோம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“ரெண்டும் சண்டை போடாம அடங்கிருச்சா?”

அடங்கிவிட்டது என்றேன். நோயெதிர்ப்பு இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் அதற்குள் போய்விட்டாள்.

அன்றிரவு நாங்கள் டிஸ்பென்சரியிலேயே தங்கினோம். மறுநாள் பெரட்டுக்களத்தில் துரை துவக்கோடு வந்து நின்றார். யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் நின்றார்கள். மாரிமுத்து கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“சுடுறதுன்னா சுடுங்க, தொரை. ஆனா லயத்துல ஒரு விஷயம் கேக்கச் சொன்னாங்க. நாய்ங்க இப்ப தொரை ரத்தமாயிருச்சு. சுட்டா தீட்டு தொரைக்கு மட்டுமா, தோட்டத்துக்கே உண்டாங்க? எத்தனை நாளைக்கு வேலைக்கு வரக்கூடாது?”

கங்காணியின் முகத்தில் சிரிப்பே இல்லை. யாருடைய முகத்திலும் இல்லை. டாக்டர் குனிந்து தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்த நேரம் அது; சில நாள் பறிக்காமல் விட்டால் முற்றி வீணாகிவிடும். துரை மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆபீஸில் வேலையிருக்கிறது என்று சொல்லி நடந்துவிட்டார். துவக்கு அதன்பின் வெளியே வரவில்லை.

சில வாரங்களில் சீசரின் கண் தெளிந்து பழைய நிறத்துக்கு வந்தது. பிற்பாடு, நாய்களுக்கு இருமல் உண்டாக்கும் இன்னொரு அடினோ வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்தார்கள். அது ஈரல் நோயையும் தடுத்தது, கண்ணை நீலமாக்கவில்லை.

ஆய்வுகூட வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, முடிவு எப்படி வந்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்று அதிகாரம் உள்ளவரிடம் கேட்டுவிடுங்கள். அன்று நாங்கள் கேட்கவில்லை. நாய்கள் பிழைத்தது எங்கள் விஞ்ஞானத்தால் அல்ல.