‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போடாதவர்

பத்மாக்கா இறந்த செய்தி எனக்கு அயர்லாந்திலிருந்து வந்தது. நான் இருப்பது காட்டூரில். அவர் இருந்தது ஸ்ரீரங்கத்தில். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போன வியாழக்கிழமை காலை, டப்ளினில் படிக்கும் நிலோஃபர் செய்தி அனுப்பியிருந்தாள். “மேடம், பத்மா மேடத்துக்கு போன் பண்ணினேன். கீழ்வீட்டு அம்மா எடுத்தாங்க. முந்தாநாளே இறந்துட்டாங்களாம். உங்களுக்குத் தெரியும்ல?”

எனக்குத் தெரியாது. லீவு சொல்லிவிட்டு ஓடினேன். சென்னையிலிருந்து வந்த அவருடைய தம்பி, மீதிக் காரியங்களை அங்கேயே செய்துகொள்வதாகச் சொல்லி அன்று காலையே புறப்பட்டுப் போயிருந்தார். உத்திர வீதியில் அந்த மாடி வீடு பூட்டிக் கிடந்தது. “நீங்க யாரும்மா?” என்று கேட்டார் கீழ்வீட்டு அம்மா. “கூட வேலை பார்த்தவ” என்றேன்.

அவர் தயார் செய்த விசா ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தில்லைநகரில் அந்த வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை அலுவலகத்தில் பதினோரு வருடம் எங்கள் மேஜைகள் அடுத்தடுத்து இருந்தன. மாணவர்கள் முன்னால் அவரை மேடம் என்பேன். சாப்பாட்டு நேரத்தில் அக்கா.

விசா நேர்காணலுக்கு முன் அவர் நடத்தும் பயிற்சி நேர்காணல் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். திருவெள்ளறையிலிருந்து ஒரு பையன் வந்தான். விவசாய எந்திரங்கள் பற்றி மேற்படிப்பு. “படிச்சு முடிச்சதும் திரும்பி வருவீங்களா?” என்று அக்கா கேட்டதும், யாரோ எழுதிக் கொடுத்த பதிலை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அக்கா பேனாவை மூடி வைத்தார். “தம்பி, இது யாரோட பதில்? உங்க ஊர்ல உங்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு, அதைச் சொல்லுங்க.” அவன் வெகுநேரம் யோசித்தான். பிறகு, நெல் அறுக்கும் எந்திரம் தங்கள் சிறிய வயல்களுக்குள் திரும்ப முடியாமல் வரப்பை உடைக்கிறது என்று தொடங்கி, கால் மணி நேரம் பேசினான். “இதுதான். இதை இங்கிலீஷ்ல தப்பும் தவறுமா சொன்னாக்கூடப் போதும்” என்றார் அக்கா. அவனுக்கு விசா கிடைத்தது.

இனி சொல்லப்போவது உங்களில் நிலோஃபருக்கு மட்டுமே தெரிந்தது. அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன், வேறொரு ஏஜென்ட் மூலமாக அவள் வேறொரு நாட்டுக்கு விண்ணப்பித்து, விசா மறுக்கப்பட்டிருந்தது. ‘இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா?’ என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. எங்கள் முதலாளி, “இல்லைன்னு போட்டுடுங்க. அது வேற நாடு, யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

“நான் போட மாட்டேன் சார். தெரிஞ்சா இந்தப் பொண்ணு பல வருஷம் எங்கயும் போக முடியாம ஆயிடும்” என்றார் அக்கா.

முதலாளி அந்த ஃபைலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஒரு நொடி வேலை. அக்கா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கையெழுத்துப் போட நிலோஃபர் தன் அப்பாவுடன் வந்தாள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டியில் வேலை பார்ப்பவர். வேலையிலிருந்து நேராக, சட்டையில் வாழைக் கறையோடு வந்திருந்தார். முதலாளி அறைக்குள் இருக்கும்போதே அக்கா எழுந்து அவரிடம் போனார். “பாய், இதுல ஒரு பொய் எழுதியிருக்கு. கையெழுத்துப் போடாதீங்க” என்றார். எது பொய், ஏன் போடக் கூடாது என்று விளக்கினார். அவர் மகளைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். “அல்லாஹ் காப்பாத்தினான்மா” என்று சொல்லி ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் அப்போது கல்லூரியில் முதல் வருடம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் டிபன் பாக்ஸையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு என் மேஜை அருகே நின்றார்.

“சுமதி, டிக் போடறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியப் படிச்சியா?”

“படிச்சேன்க்கா.”

“சரி. போயிட்டு வரேன்.”

அந்த ஃபைலை அக்கா தன் வீட்டிலிருந்தே மறுபடி தயார் செய்து கொடுத்தார். முன்பு மறுக்கப்பட்டது உண்மை, அப்போது எந்தக் காகிதங்கள் போதவில்லை, இப்போது அவை எப்படிச் சரிசெய்யப்பட்டிருக்கின்றன என்று ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம். நிலோஃபர் ஏழு வாரம் காத்திருந்தாள். விசா வந்த அன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து எனக்கும் ஸ்வீட் கொடுத்தாள். வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

நான் அக்காவைப் பார்க்கப் போனது ஒரே ஒரு முறை. காபி கொடுத்தார். என் மகனைப் பற்றி விசாரித்தார். அவரை வேலையிலிருந்து அனுப்பிய அந்த மாலையைப் பற்றி நானாகவே பேச்சை எடுத்து, பாதியில் விட்டேன். அவர் சொன்னார்: “நீ வேலைய விட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் படியிறங்கறப்ப நீ கூட எழுந்து வருவேன்னு நெனச்சேன் சுமதி. கீழ ரோடு வரைக்கும்.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவரே, “இன்னும் கொஞ்சம் காபி வேணுமா?” என்று கேட்டார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு மாதமாகிவிட்டது.

அவருடைய கடைசி நாட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நிலோஃபருக்குத் தெரிந்திருக்கிறது. பத்து நாளாகக் காய்ச்சல் என்றும், “டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், நீ படி” என்று போனை வைத்துவிடுவார் என்றும் சொல்கிறாள். பக்கத்து மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் நான். அவருக்குக் காய்ச்சல் வந்ததை அயர்லாந்துக்குப் போன் பண்ணிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அவர் மேஜையில் இப்போது ஒரு புதுப் பெண். காதில் இயர்போன் வைத்துக்கொண்டு நல்லபடியாக வேலை செய்கிறாள். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

பத்மாக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். அந்தக் கேள்வி வரும்போது இப்போதெல்லாம் நான் டிக் போடுவதில்லை. திரையை மாணவர் பக்கம் திருப்பி, கேள்வியைத் தமிழில் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, ஒருநாள் என்னையும் போகச் சொல்லலாம். சிலர் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். சிலர் தரையைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் அக்கா சொல்வதைப் போலவே, “அவசரம் இல்லை, யோசிச்சே சொல்லுங்க” என்கிறேன். அவர் குரலில் இருந்த நிதானம் என் குரலில் வருவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு, அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறேன்.