மாமி போட்ட சாம்பல்

இன்று காலையும் ஒரு மொட்டு விழுந்து கிடந்தது. பச்சைத் தோலுக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கிற, கட்டைவிரல் நுனி அளவான மொட்டு. இதோ விரியப்போகிறது என்று நேற்றுத்தான் நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் கபில நிறமாகக் கருகியிருந்தது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

நான் வாவிக்கரையோரப் பெரியகல்லாற்றுக்கு மருமகளாக வந்தபோது, மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட கமேலியா இது. தேயிலைக்கு உறவுக்காரச் செடி. குளிரும் நிழலும் கொஞ்சம் புளிப்பான மண்ணும் கேட்கும். அம்மா வீட்டு வாசலில் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே சிவப்பாகப் பூத்துக் கொட்டும். இங்கே ஒரே ஒரு பூ விரிந்தால் போதும், இந்த ஊரோடு எனக்கிருக்கும் மனத்தாங்கல் தீர்ந்துவிடும் என்றிருந்தேன். அம்மாவும் விடுவதில்லை. போன் எடுத்தால் முதல் கேள்வியே, "பூத்துச்சாடி?"

பூக்க விட்டால்தானே! மாமிக்குச் செடிகொடி என்றால் உயிர். அதுதான் வினை. மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற கையோடு கமேலியாவுக்கும் ஊற்றுவார். அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து அடியில் தூவுவார். உப்பும் சாம்பலும் இதற்கு ஆகவே ஆகாது என்று எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன்! "ஓம் புள்ள, ஓம்" என்று தலையாட்டுவார். நான் அந்தப் பக்கம் போனதும் இன்னொரு சிரட்டை சாம்பல் விழும். கையும் களவுமாகப் பிடித்தால், "வெறுந்தண்ணியக் குடிச்சா எப்பிடிகா பூக்கும்? பாவம், வாயில்லாச் சீவன்" என்பார். அம்மாவுக்கு நான் சொல்லும் பதிலும் மாறியதில்லை: "எங்கேம்மா பூக்கும்? மாமி சாம்பலக் கொட்டிட்டாங்க."

மாமி இறந்து இரண்டு மாரி போய்விட்டது. செடியைப் பெரிய சாடிக்கு மாற்றி மாமர நிழலில் வைத்தேன். புது மண், உக்கிய இலை, தேயிலைச் சக்கை. உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரைக் கிட்டவும் கொண்டுபோகாமல், கூரைப் பீலியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். இலையெல்லாம் எண்ணெய் பூசியதுபோல மின்னுகிறது. மொட்டும் நிறைய வைக்கிறது. வைத்து, ஒவ்வொன்றாக விழுகிறது. மாரியிலும் தணியாத இந்த வாவிக்கரை வெக்கைக்கு அது விரியாது. சாம்பல் போட்டாலும் விரியாது, போடாவிட்டாலும் விரியாது.

மொட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் குசினிப் பக்கம் திரும்பி "மாமி!" என்று கத்திவிட்டேன். அங்கே இப்போது கேஸ் அடுப்புத்தான் இருக்கிறது, சாம்பலுக்கே இடமில்லை. உள்ளே போன் அடிக்கிறது. அம்மாவாகத்தான் இருக்கும். இனி யாரைச் சொல்வது?