மெல்போ தொலைத்த சனிக்கிழமைக் கப்பல்

மெல்போவிடம் ஏதாவது கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். கிரேக்கத்தில் வோலோஸ் துறைமுகத்துக்கு எதிரே எங்கள் அலுவலகம். தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு இணையத்தில் டிக்கெட் விற்கிறோம். அவள் திரையைப் பார்க்கிறாளா, சன்னலுக்கு வெளியே கடலைப் பார்க்கிறாளா என்று பதினாறு வருஷமாக எதிர் மேசையில் இருக்கும் எனக்கே தெரியாது. தான் எழுதிய கணினி நிரலுக்குள் கப்பல்கள் மெல்ல நகர்வது தெரிகிறது என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் அம்மா அலோனிசோஸ் தீவில் தனியாக இருக்கிறாள், எண்பத்து நான்கு வயது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கூப்பிடுவாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு வேலை குறுக்கே நிற்கும். போன வருஷம் பெரிய வேலை. எங்கள் இணையதளத்தைத் தாங்கும் ஃப்ரேம்வொர்க்குக்குப் புது வெர்ஷன் வந்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். பழையதில் பாதி ஓடவில்லை. ஈஸ்டர் தேதியைக் கணக்கிட அவளே எழுதி வைத்திருந்ததும் ஓடவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆயத்தமாகக் கிடைத்த நாட்காட்டி ஒன்றைச் சேர்த்தாள். ஈஸ்டருக்கு முந்தின நாளான புனிதச் சனியன்று தீவுக்கு விடும் தனிக் கப்பல் சரியாகக் கிளம்பியது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அது கடலில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் போயே தீருவது என்று பிப்ரவரியிலேயே டிக்கெட் தேடினாள்.

"ஆர்கிரிஸ், இங்க வாயேன். சனிக்கிழமை கப்பலக் காணோம்."

"நல்லாத் தேடு. உன் கனவுல எங்கயாவது மிதக்கும்."

தளம் அந்தக் கப்பலை ஒரு வாரம் முன்னதாகப் போட்டிருந்தது, கத்தோலிக்கர்களின் சனிக்கிழமையில். நாங்கள் ஆர்த்தடாக்ஸ் சபை, எங்கள் ஈஸ்டர் பெரும்பாலும் அவர்களுடையதற்குப் பிறகுதான் வரும். புது நாட்காட்டிக்கு அவர்கள் ஈஸ்டர் மட்டும்தான் தெரியும். போன வருஷம் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே ஞாயிறு விழுந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

முதலாளி பாந்தெலிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நீயும் நம்ம கோயிலுக்குத்தானே போற? சரி பண்ணு. இனி வர்ற நாப்பது வருஷத்துக்கும் பாத்துரு. ஈஸ்டர் வாரம் நீ இங்கயே இரு, நம்பி விட முடியாது."

அவள் போய்த் திரை முன் உட்கார்ந்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

பழைய கணக்கைப் புது வெர்ஷனுக்கு ஏற்ப மறுபடி எழுதினாள். மறுநாள் காலை தேவாலயத்தில் அச்சிட்ட நாற்பது வருஷ ஈஸ்டர் தேதிப் பட்டியலை இந்த வருஷத்திலிருந்து நான் வாசித்தேன், அவள் திரையோடு ஒத்துப் பார்த்தாள். வெயில் மேசையில் படுத்திருந்தது.

"ஏப்ரல் பன்னிரண்டு."

"சரி."

"மே இரண்டு."

"சரி."

"ஏப்ரல் பதினாறு. ஏப்ரல் எட்டு."

"சரி, சரி."

"ஏப்ரல் இருபத்தெட்டு."

வழக்கம்போல் எங்கோ போய்விட்டாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ அம்மாவுக்கு எண்பத்தெட்டு," என்றாள். கண் கலங்கியிருந்தது. "இன்னும் முப்பத்தஞ்சு தேதி இருக்கு, இல்ல?"

"ஆமா."

எழுந்து நேராக பாந்தெலிஸ் அறைக்குப் போனாள். "நான் ஊருக்குப் போறேன். தளம் நின்னுபோனா ஆர்கிரிஸ் பாத்துக்குவான்." என்னை யாரும் கேட்கவில்லை. திறந்த கதவு வழியே அவர் என்னை முறைத்த முறைப்பில் நான் தலையாட்டிவிட்டேன்.

திரும்பி வந்து, சரியான சனிக்கிழமைக்கு மாற்றிய கப்பலில் முதல் டிக்கெட்டை எடுத்தாள். நான் விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அடுத்தது வாசிக்கட்டா?" என்றேன்.

"மிச்சத்த நீயே பாத்துக்கோ. எனக்கு முதல் தேதி போதும்."