ஏழாவது பெயர்

இங்கிலாந்து மகாராணி இறந்த மாலை. விம்பிள்டன் வீட்டில் தொலைக்காட்சி முன் இருந்தேன். கறுப்பு டை கட்டிய செய்தியாளர் தாழ்ந்த குரலில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களைச் சொன்னார். யாரையும் விட்டுவிடுவாரோ என்ற பதற்றத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அப்பப்பா இறந்தபோதும் இப்படித்தான் எண்ணினேன். எனக்கு ஒன்பது வயது. வேதக்காரப் பெண்ணை, ஒரு கிறிஸ்தவளை, கட்டியதால் கொழும்பிலிருந்த சித்தப்பாவோடு ஆறு வருடமாக எவரும் பேசுவதில்லை. அப்பப்பா இறந்ததற்கும் தந்தி அடிக்கவில்லை. சாம்பிராணிப் புகைக்குள் எல்லோரும் வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டோம். பிள்ளைகளின் பெயர்கள் ஆறோடு நின்றுவிடும் என்று பயந்தேன். ஏழாவதாகச் சித்தப்பாவின் பெயர் வந்தது.

"ஆர் அவன்ரை பேரைக் குடுத்தது?" என்றார் பெரியப்பா.

"நான்தான் அண்ணை. ஆறெண்டு எழுதக் கை வரேல்லை," என்றார் அப்பா.

வானொலியில் கேட்டு, மறுநாள் காலை ரயிலில் சித்தப்பா மனைவியோடு வந்தார். பெரியப்பா மர வாங்கில் தள்ளியிருந்து இடம் விட்டார்.

"தேத்தண்ணி ஆறுது. என்னத்தை எண்ணுறியள்?" என்றாள் என் மனைவி, தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து.

டொராண்டோவிலிருக்கும் என் தம்பியோடு கோபித்து நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

"அங்க இப்ப மத்தியானந்தானே?" என்று அவளிடம் கேட்டு, தொலைபேசியை எடுத்தேன்.