வரிசையில் ஒரு பித்தளைக் குடம்

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோவைப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: உலகத்திலேயே ருசியான தண்ணீர் நம்முடையதுதான் என்று மேடைக்கு மேடை முழங்கும் இந்த ஊரில், 1995 மே மாதம், உக்கடம் பக்கத்துச் சந்து ஒன்றில், குடிநீர் வரிசையில் ஒரு பேய் வந்து நின்றது. கதையில்லை. நடந்தது. முப்பது வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அந்த முப்பது வீடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

முதலில் சட்டம். சந்துக் குடிநீர் நலச் சங்கத்தின் தலைவர் கோபாலசாமி. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கழுத்தில் மாலையோடு அவர் பிறப்பித்த சட்டம் இது: குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடத்தை வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் அதைக் காலால் தள்ளிவிட வேண்டும். அடுத்தவர் குடத்தை எடுத்து வேறிடத்தில் வைப்பது, ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

இந்தச் சட்டத்தால் அதிகம் பலனடைந்தவள் தலைவரின் மகள் லாஸ்யா. பதினேழு வயது. அவளுடைய நீலக் குடமும் பாத்திரக்கடை கரீம் பாயின் மகள் அஃப்ஷீனின் சிவப்புக் குடமும் விளிம்பு உரச நிற்கும். சொந்தக்காரிகள் இருவரும் பூட்டிய ரேஷன் கடைப் படியில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மழை வந்து தொலைத்துவிடுமோ என்று கவலைப்பட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

தோழிகள் என்று சந்து நினைத்தது. அதற்கு மேல் என்று இருவருக்கும் தெரியும். அதை வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றாள் அஃப்ஷீன். சொல்லத்தான் வேண்டும் என்றாள் லாஸ்யாவும். முதலில் அக்கா கல்யாணம் முடியட்டும் என்றாள். பிறகு அப்பாவுக்கு பிரஷர் இறங்கட்டும் என்றாள். இப்போது ஆடி போகட்டும் என்கிறாள்.

"ஆடி போனா பொரட்டாசி போகட்டும்பே புள்ள," என்றாள் அஃப்ஷீன். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். சொல்லலீன்னா எங்கொடம் உங்கொடத்துப் பக்கத்துல நிக்காது."

அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு பித்தளைக் குடம் நின்றது. வரிசை முழுக்க பிளாஸ்டிக், அது ஒன்றுதான் பித்தளை. வயிற்றில் ஒரு நெளிவு.

"இது யாருதுங்க?" என்றாள் லாஸ்யா.

யாருடையதும் இல்லை. தலைவர் மகளே சட்டத்தை மீறினாள். தூக்கிக்கொண்டுபோய் வரிசைக் கடைசியில் வைத்தாள். கை ஒடிகிற கனம். குழாயில் நான்கு நாளாகச் சொட்டு இல்லை... அந்தக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

திரும்பி வந்தாள். பித்தளைக் குடம் நடுவில் நின்றது.

படியில் அஃப்ஷீன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். லாஸ்யா போய்ச் சேர்ந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை.

"யாருகிட்டப் பேசுனே?"

"ஒரு அக்கா. தாவணி, ரெட்டைச் சடை. அந்தக் கொடம் அவுங்களுதுதான். யாரோ ராமுவுக்கு எடம் போட்டு வெச்சிருக்காங்களாம். ரொம்ப நாளா."

"உங்கிட்ட என்ன சிரிப்பு?"

"நான் அழகா இருக்கேனாம்."

நியாயமாக லாஸ்யா பயந்திருக்க வேண்டும். அவளுக்கோ எரிந்தது. படியில் தான் உட்காரும் இடம் நனைந்திருந்தது. அஃப்ஷீனின் துப்பட்டா முனையும் ஈரம். பாசி வாசம். அதையெல்லாம் பார்த்தும், தன் இடத்தில் எவளோ உட்கார்ந்துவிட்டாள் என்பது மட்டும்தான் அவள் புத்தியில் ஏறியது.

"கையப் புடிச்சாளா?"

"புடிச்சாங்க. ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"நீ எதுக்குக் குடுத்தே?"

"அவுங்க கேட்டாங்க. நீதான் கேக்க மாட்டீங்கறே."

ராத்திரி முழுக்க லாஸ்யாவுக்குத் தூக்கமில்லை. பேயை நினைத்து அல்ல. ரெட்டைச் சடையை நினைத்து.

ஞாயிறு மாலை ஐந்து. தண்ணீர் நிச்சயம் என்று தலைவர் அறிவித்திருந்ததால் சந்து நிறையக் கூட்டம். அவர் ஸ்டூல்மேல் நின்று முன்கூட்டியே நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார். நீலக் குடம் தனியாக நின்றது. நான்கு ஆள் தள்ளி, சிவப்பும் பித்தளையும்.

விளிம்பு உரச.

குழாய் உறுமியது. கர்ர்ர்... வெறும் காற்று.

பித்தளைக் குடத்துக்குள் ஒரு சத்தம். ளொக்... ளொக்...

அஃப்ஷீன் குனிந்தாள். கையை நீட்டினாள். எதிரே யாரும் இல்லை. ஆனால் அவள் விரல்கள் நெரிந்தன. நுனி நீலம் பாய்ந்தது.

முகம் குடத்தை நோக்கி இறங்கியது...

இன்னும்...

"விடுடீ அவள!"

லாஸ்யாவின் குரல்தான். "அவ எம்புள்ள! உன்ற எடத்துக்கு வேற ஆளப் பாரு!"

சந்தே திரும்பிப் பார்த்தது.

"யாரக் கண்ணு சொல்றே?" என்றார் எதிர்வீட்டு ராசம்மாள்.

"அஃப்ஷீனத்தானுங்க. சும்மா தோழியில்லைங்க. நான் விரும்பற புள்ள. கட்டிக்கறதுன்னா அவளத்தான் கட்டிக்குவேன்."

அஃப்ஷீன் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். கூட்டத்தில் தன் அம்மா ரம்லாவைத் தேடிப் பிடித்தாள். "எனக்கும் அப்படித்தானுங்கம்மா."

ரம்லா முக்காட்டை இழுத்துவிட்டார். "நடுச்சந்துல என்ன பேச்சு? ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க." அந்த 'ரெண்டு பேரும்' லாஸ்யாவின் காதில் விழுந்தது.

"சங்க விதிப்படி..." என்று ஆரம்பித்த தலைவர், எந்த விதி என்று தெரியாமல் ஸ்டூலிலேயே நின்றார்.

பித்தளைக் குடம் இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்தது. லாஸ்யாவின் அம்மா ராமாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிறந்ததும் அந்தச் சந்தில்தான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கிட்டே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கொடத்துல நெளிவு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. வயித்துல."

"நான் கீழ போட்டது."

லாஸ்யா ஈர வட்டத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

"லட்சுமின்னு ஒருத்தி. உங்கக்கா பொறக்கறதுக்கு முந்தி. இங்க அப்பக் கெணறுதான். நான் ஊட்டுல சொல்லிப்போட்டு வாரேன், எனக்கும் எடம் போட்டு வையின்னு அவகிட்டச் சொன்னேன். சொல்லவும் இல்ல. போகவும் இல்ல. அன்னிக்கே உங்கப்பாவுக்கு நிச்சயம் பண்ணிப்போட்டாங்க."

"அவுங்க?"

"கெணத்துல விழுந்துட்டா. அவள எடுத்தாங்க. கொடம் மட்டும் கெடைக்கவே இல்ல. அப்புறம் கெணத்த மூடி, அதும்மேலதான் இந்தக் கொழாயப் போட்டாங்க."

ராமாமணி ஈர வட்டத்தின் பக்கத்தில் தன் காலிக் குடத்தை வைத்தார். விளிம்பு உரசும் தூரத்தில்.

"என்னய ராமுன்னு கூப்புட்டது அவ ஒருத்திதான்."

அன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.