கண்ணாடித்தாளை வெட்டிய நடுவர்

1996, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு. எங்கள் ஊர் பாயா ரும்புட்டில் எங்கள் சங்கம் நடத்திய அறிவியல் போட்டிக்கு நடுவராக வந்தவர் அவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. பிள்ளைகள் பேசி முடிக்குமுன் பேனாவை மூடிவிடுவார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் இருந்த என் மகள், ஈஸ்ட் செல் பிரியும் விதத்தை மாடலாகச் செய்திருந்தாள். கம்பி வளையங்களின்மேல் கண்ணாடித்தாள் ஒட்டிய உருண்டை, அதுதான் உட்கரு. தாளில் எதிரெதிராகப் பதித்த இரண்டு பொத்தான்கள், அவற்றுக்கிடையே விறைப்பாக இழுத்துக் கட்டிய நூல்கள். முதல் பரிசு கிடைத்தால் கோலாலம்பூர் போட்டிக்குப் போகலாம்.

“செல் பிரியறப்போ உட்கரு சவ்வு கரையணும்லா. இது முழுசா இருக்கே?”

“ஈஸ்ட்டுல கரையாது சார். சவ்வுல பதிஞ்ச ரெண்டு முனையிலேருந்துதான், இந்தப் பொத்தான்லேருந்து வர்ற நூல் மாதிரி, நுண்குழலெல்லாம் வளருது. அதுதான் குரோமோசோமை ரெண்டு பக்கமும் பிரிக்குது.”

“பாடப்புத்தகத்துல அப்படி இல்லையே” என்றவர், மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, பொத்தான்களைச் சுற்றித் தாளை வெட்டினார். நூல்கள் தொய்ந்து விழுந்தன.

“பார்த்தீங்களா சார்? சவ்வு இல்லாட்டி எதுவும் நிக்காது!”

“நிக்காத மாடலுக்கு எப்படிம்மா மார்க் போடறது?” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மகள் கோலாலம்பூர் போகவில்லை.

மடையன் என்றுதான் வெகுகாலம் ஏசிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றும் தெரியாதவர் தாளை நடுவில் கிழித்திருப்பார். நூல்கள் அப்படியே நின்றிருக்கும். அவருடைய கத்தரி, நூல்களைத் தாங்குவது எது என்று தெரிந்ததுபோல், நேராகப் பொத்தான்களுக்குப் போனது. விஷயம் தெரிந்த மனிதருக்கு என் மகள்மேல் அப்படி என்ன கோபம்?