கையெழுத்துப் போடாத ஏரி

விவேக் நகரில் ஆஞ்சலாவைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. கணவன் டேரிலும் அவளுமாக நடத்தும் ஸ்டூடியோவில், மணமக்களைச் சிரிக்க வைப்பது அவன் பாடு. படமெடுப்பது அவள் பாடு. அப்படிப்பட்டவள் திடீரென்று ஏரி, பாறை, பனி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீடு சும்மா இருக்குமா? "மாப்பிள்ளை பொண்ணு இல்லாத படத்த எவன்டி வாங்குவான்?" என்று மாமியாரே கேட்டார். டேரில் கேட்கவில்லை. அவனிடம் அவளாகவே சொன்னாள்: "இந்தக் கண்காட்சியில என் படம் விக்கலேன்னா, திரும்ப ஆல்பத்துக்கே வந்துடறேன்."

இன்னொரு வைராக்கியமும் உண்டு அவளுக்கு. விற்காத ஏரிப் படத்தில் கையெழுத்துப் போடமாட்டாள். அதுதான் அவள் காலை வாரியது.

தொம்மலூரில் நிருபமாவின் கேலரி. பலருடைய படங்களுக்கு நடுவே இவளுக்கு ஒரே ஒரு படம், ஒரே ஒரு மாலைப்பொழுது. ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆட்டோ அசையாமல் நிற்க, நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டு அவள் வந்து சேர்வதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுவரைப் பார்த்தாள். அவள் படம் தலைகீழாகத் தொங்கியது!

அவள் எடுத்தது தண்ணீரை மட்டும். கரையே தெரியாது, மரங்களின் நிழல் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும், ஓரத்தில் நாமக்கோழி என்கிற நீர்ப்பறவை ஒன்று நீந்தும். எந்தப் பக்கம் கீழ் என்று பார்க்க நிருபமா கையெழுத்தைத் தேடியிருக்கிறாள், காணோம். மரம் நேராக நின்றால்தானே சரி என்று திருப்பி மாட்டிவிட்டாள். இப்போது தண்ணீர் வானமாகிவிட்டது, பாவம், கோழி மல்லாந்து கிடந்தது.

ஓடிப்போய்த் திருப்பலாமென்றால் படத்தின் முன் ஒரு பெரியவர் கண் கொட்டாமல் நின்றிருந்தார்.

"வெங்கடராமன் சார்," என்றாள் நிருபமா, முகமெல்லாம் பல்லாக. "இவர் வாங்கினா போதும், அப்புறம் எல்லாரும் உன்னைத் தேடி வருவாங்க."

"பனிக்குள்ள ஒத்தையா பறக்குது பாரும்மா," என்றார் அவர். கோழி கிழித்த இரண்டு அலைக்கோடுகள் அவருக்கு இறக்கையாகத் தெரிந்தன. "ஹால்ல மாட்டி தெனமும் பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு."

நிருபமா பென்சிலை நீட்டினாள். கண்ணாடி போடாத படம். கீழே வெள்ளை ஓரம். ஆனால் அது கீழ் இல்லையே! ஆஞ்சலாவின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் நிருபமாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. காதோரம் குனிந்து கன்னடம் கலந்து கிசுகிசுத்தாள்.

"சும்னிரு. வாயத் தொறக்காதே. தப்பா மாட்டினேன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும். அடுத்த கண்காட்சியும் உனக்குத்தான்."

போட்டுத் தொலைத்தால் என்ன? அவருக்குப் பிடித்திருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்? பென்சில் முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது. முழங்கால் சகதியில் நின்று, அந்தக் கோழி ஒதுங்கி வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த விடியற்காலை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் பார்த்தது இது இல்லை.

"சார், அது பறக்கல," என்றாள். "நீந்துது."

படத்தைக் கழற்றித் திருப்பிப் பிடித்தாள். வெங்கடராமன் வெகுநேரம் பார்த்தார்.

"பறக்குதுன்னுதானேம்மா எனக்குப் பிடிச்சுது," என்றார். குரலில் கோபமில்லை, ஏமாற்றம் இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

நிருபமா அவள் முகத்தையே பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க." ஒரே நிமிடத்தில் 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது ஆஞ்சலாவுக்கு. பென்சில் இன்னும் கையில்தான் இருந்தது. படத்தைத் தரையில் வைத்து, கோழி நேராக நீந்தும் பக்கமாகக் குனிந்து ஏதோ எழுதினாள்.

வெளியே டேரில் ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு காத்திருந்தான். "வித்துடுச்சா, ஆஞ்சி?"

"இல்ல." படத்தை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். "கையெழுத்துப் போட்டுட்டேன்."